ஒற்றைக் கால் மஞ்சள்

பாலிடெக்னிக்கில் நம் வகுப்பில் பெண்கள் ஆறு பேர். எந்தச் சோதனையைத் தொடங்கும் முன்பும் நான் நோட்டில் ஸ்கேல் வைத்துக் கட்டம் போடுவதைப் பார்த்து நீங்கள் ஐந்து பேரும் சிரித்திருக்கிறீர்கள். "கட்டம் போடாம உனக்கு சோறு எறங்குமாடி?" என்று ஒருத்தி கேட்டாள். அன்று நான் பதில் சொல்லவில்லை. இப்போது நமக்கெல்லாம் நாற்பது நெருங்குகிறது. உங்களில் இரண்டு பேருக்குக் காதோரம் நரைத்துவிட்டதாகக் கேள்வி. இதற்கு மேல் தள்ளிப்போட வேண்டாம் என்று எழுதுகிறேன். ஒரு கோடை, ஒரு கார், ஒரு டிரைவர், இவ்வளவுதான் விஷயம்.

வில்லியனூர் கடைத்தெருவில் எங்களுக்கு மளிகைக் கடை. எனக்குப் பதினொரு வயது நடந்தபோது அப்பா கடைச் சரக்குக்கும் கல்யாண வாடகைக்குமாக ஒரு பழைய கார் வாங்கினார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்குகிற குடும்பத்தை எங்கள் பக்கம் சொல்தா வீடு என்பார்கள். அப்படி ஒரு சொல்தா வீட்டார் மொத்தமாகப் பிரான்சுக்குக் கிளம்பினார்கள். அவர்கள் விட்டுப்போன கார் அது. அங்கிருந்து கப்பலில் வந்த வண்டி. ஸ்டியரிங் இடது பக்கம். முன்னால் போகும் கட்டை வண்டியைத் தாண்ட வேண்டுமென்றால் வலப்பக்கம் உட்கார்ந்திருப்பவர் எட்டிப் பார்த்து "வரலாம்" என்று சொல்ல வேண்டும். பள்ளி விடுமுறையில் அந்த வேலை என்னுடையது; சீட்டில் முழங்காலிட்டு எட்டிப் பார்ப்பேன்.

அந்தக் காரில் எனக்கு நினைவிருப்பவை: முழங்காலில் ஒட்டிக்கொள்ளும் சிவப்பு ரெக்சின் சீட்டு. ஓடாத கிலோமீட்டர் மீட்டர். முன் சீட்டின் கீழே தேங்காய் நார் மிதியடி, அதன் அடியில் எங்கள் கடையின் காலி சாக்குகள் இரண்டு, அவற்றுக்கும் அடியில் துருப்பிடித்த தகரத்தில் ஒரு ஓட்டை. டேஷ்போர்டின் நடுவில், கோலிக்குண்டு அளவு வெள்ளைக் குமிழ் வைத்த ஒரு லீவர். அதன் பக்கத்தில் இருந்த பிரெஞ்சு எழுத்து தேய்ந்து போயிருந்தது. கீழே இழுத்தால் வரும், விட்டால் ஸ்பிரிங் மேலே இழுத்துக்கொள்ளும். இழுத்ததால் எதுவும் நடந்ததாக எங்கள் யாருக்கும் தெரியவில்லை.

டிரைவர் பூரணாங்குப்பத்துக்காரர். காலையில் சைக்கிளில் வருவார். ஒரு காக்கிப் பை, அதற்குள் அலுமினியத் தூக்கில் மதியச் சோறு. பையை அந்த லீவரில் மாட்டிவிடுவார். தொங்கவிட வாகான இடம் வண்டியில் அது ஒன்றுதான்.

எங்கள் வீடு சைவம். தூக்கில் என்ன இருக்கும் என்று மூக்குக்குத் தெரிந்துவிடும். சித்தப்பா முதல் தடவை முன் சீட்டில் ஏறிய அன்றே கேட்டார்.

"இன்னா டிரைவரே, கடலே வண்டியில ஏறிக்கினு வர மாதிரி இருக்குது?"

"வெறும் சோறுதாங்க."

"சோறு நீந்துமாய்யா? எடுத்துப் பின்னாடி வையி."

அன்று முதல் சித்தப்பா வரும் நாளில் பை டிக்கிக்குப் போகும். மற்ற நாளில் லீவரில் தொங்கும். இதை யாரும் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயமாகவும் தெரியவில்லை.

இன்னொன்றும் உண்டு. கல்யாணச் சவாரிக்குப் பாகூர் பக்கம் போய் மரநிழலில் வண்டி நிற்கும்போது டிரைவர் தூக்கைத் திறப்பார். ஒரு நாள் மூடியில் நாலு நெத்திலி வறுவலை எடுத்து வைத்து என் பக்கம் நகர்த்தினார். தின்றேன். மொறுமொறுவென்று இருந்தது, முள்ளே தெரியவில்லை. "வூட்ல சொல்லிடாத பாப்பா, என் சோத்துல மண்ணு வுழும்" என்றார். நான் சொல்லவில்லை. அப்புறம் நாலைந்து தடவை தின்றேன். அப்போதும் சொல்லவில்லை.

பங்குனியில் வண்டி முதல் தடவை கொதித்தது. பாகூர் ஏரிக்கரை மேலே, பெண் வீட்டார் ஏழு பேரை ஏற்றிக்கொண்டு போகும்போது டெம்பரேச்சர் முள் சிவப்புக்கு ஏறியது. பானெட்டின் இடுக்கில் ஆவி. ஈரச் சாக்கைப் போட்டு மூடியைத் திறந்தால் ரேடியேட்டரில் பாதித் தண்ணீர் இல்லை. பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பெண்கள் மண்டபத்துக்கு நடந்தே போனார்கள். மறுநாள் பெண்ணின் தாய்மாமன் கடைக்கு வந்து அப்பாவிடம் கத்திவிட்டுப் போனார். அதற்குள் கடைத்தெரு முழுக்கச் செய்தி வந்திருந்தது.

பட்டறை மெக்கானிக் வண்டியைப் பார்த்தார். அவர் பார்த்த வரிசை எனக்கு இன்னும் மனப்பாடம். முதலில் ஃபேன் பெல்ட். இறுக்கமாக இருந்தது. பிறகு மேல் ஓஸ், கீழ் ஓஸ். கிளிப்புகளைச் சுற்றி விரலை ஓட்டிப் பார்த்தார், ஈரமில்லை. மூடியின் ரப்பர் வாசர் நைந்திருந்தது, மாற்றினார். தண்ணீர் ஓட்டத்தை அடைக்கிறதோ என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்தார். வண்டியை நிறுத்தி வைத்துக் கீழே செய்தித்தாள் விரித்தார். ஒரு சொட்டு விழவில்லை. கடைசியாக ஆயில் குச்சியை உருவிப் பார்த்தார். தண்ணீர் எஞ்சினுக்குள் இறங்கினால் ஆயில் பால் கலந்த காப்பி மாதிரி ஆகும். ஆயில் சுத்தமாக இருந்தது.

"கண்ணுக்குத் தெரியாத ஓட்ட எங்கனா இருக்கும். மஞ்சத்தூள் போடுங்க, அடச்சிக்கும்" என்றார்.

பழைய வண்டிக்காரர்கள் எல்லாரும் செய்கிற வைத்தியம்தான். ஒரு கைப்பிடி போதும். மளிகைக் கடைக்காரர் என்பதால் சித்தப்பா மூன்று கைப்பிடி போட்டார். ரேடியேட்டரில் தண்ணீர் சாம்பார் மாதிரி ஆனது. அடுத்த வாரமும் வண்டி கொதித்தது.

மெக்கானிக் இரண்டாவது தடவை பானெட்டை மூடிவிட்டு அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டார். நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். சின்னப் பெண் என்று என்னைக் கணக்கில் எடுக்கவில்லை.

"எஞ்சின்ல ஒன்னும் இல்ல மொதலாளி. ஆளப் பாருங்க. காலையில தண்ணி ஊத்துறானா? நீங்க சொல்ற தூரத்துக்குத்தான் ஓட்டுறானா?"

கிலோமீட்டர் மீட்டர் ஓடாத வண்டி. தனியாகப் போகிற டிரைவர் திருட்டுச் சவாரி அடித்தால் யாருக்குத் தெரியும்? அந்த எண்ணம் அப்பாவுக்குள் எப்படி இறங்கியது என்று இப்போது எனக்குப் புரிகிறது. பானெட்டின் கீழே இருந்த ஒவ்வொன்றையும் பார்த்துத் தள்ளியாயிற்று. மிச்சம் நின்றது மனிதர். காருக்குள், காலடியில் தண்ணீர் வரும் வழி இருக்கும் என்று அந்த ஊரில் யாருக்கும் தோன்றவில்லை.

அப்பா எனக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு கொடுத்தார். "தினம் காலையில டிரைவர் மூடியத் தொறக்கும்போது நீயே செம்பால ஊத்து. எத்தன செம்பு புடிக்குதுன்னு எழுது. முந்தின நாளு வண்டி எங்க போச்சு, யாரு கூடப் போனாங்க, அதையும் எழுது."

நான் கட்டம் போட்டேன். என் முதல் கட்டம் அது. நாள், போன ஊர், கூடப் போனவர், எத்தனை செம்பு. நான்கு பத்திகள். டிரைவர் என் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்ப்பார்.

"இன்னா பாப்பா, வண்டிக்கு மார்க்கு போடுறியா?"

"ஆமாம்."

"பாஸா ஃபெயிலா?"

"இன்னைக்கு ஏழு செம்பு. ஃபெயில்."

அவருக்குச் சிரிப்பு. அந்த நோட்டு எதற்கு என்று அவருக்குத் தெரியாது. எனக்கும் முழுக்கத் தெரியாது என்றுதான் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மூன்று வாரம் எழுதினேன். சித்தப்பா கூடப் போன நாட்களில் அரைச் செம்பு, சில நாள் அதுவும் இல்லை. டிரைவர் தனியாகவோ என்னோடோ சவாரிக்காரர்களோடோ போன நாட்களில் ஆறு, ஏழு, ஒரு நாள் ஒன்பது. ஒரு நாள்கூட மாறவில்லை. அப்பா கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து அந்தப் பக்கங்களைப் புரட்டினார். வீட்டு ஆள் ஒருத்தர் கூட இருந்தால் வண்டி ஒழுங்கு, இல்லாவிட்டால் கோளாறு. நான் உடன் போனதை அவர் ஒரு ஆளாக எண்ணவில்லை. திருட்டுச் சவாரி எதுவும் நடக்கவில்லை என்று எனக்குத் தெரியும். என்னை யாரும் கேட்கவில்லை.

எழுத வேண்டிய ஐந்தாவது பத்தி ஒன்று இருந்தது. பை எங்கே தொங்கியது. பைக்கும் தண்ணீருக்கும் தொடர்பு உண்டென்று எனக்குத் தெரியாதுதான். ஆனால் சித்தப்பா வந்தால் வண்டிக்குள் மாறுகிற ஒரே விஷயம் பை. அது எனக்குத் தெரிந்திருந்தது. ஒரு நாள் பென்சிலை நோட்டில் வைத்து ஐந்தாவது கோடு போடப் போனேன். பை என்று எழுதினால் தூக்கு வரும், தூக்கு வந்தால் நெத்திலி வரும். பென்சிலை எடுத்துவிட்டேன்.

சித்திரை முடிவில், கடையில் ஆள் நிறைந்திருந்த ஒரு காலைப்பொழுதில் அப்பா டிரைவரைக் கூப்பிட்டார்.

"வழியில தண்ணிகூட ஊத்தாம திருட்டுச் சவாரி அடிக்கிற ஆளு எனக்கு வேணாம்ப்பா. சாவிய வச்சிட்டுப் போ."

டிரைவர் முதலில் சிரித்தார், விளையாட்டு என்று நினைத்து. பிறகு கடையில் நின்றவர்களின் முகங்களைப் பார்த்தார். "நானா? எங்க மொதலாளி ஓட்டுனேன்? யாரு பாத்தா?" என்றார். அப்பா நோட்டை எடுத்துக் கல்லாப் பெட்டியின் மேல் போட்டார். டிரைவர் அதைத் தொடவில்லை. என்னைப் பார்த்தார். சாவியை நோட்டின் மேலேயே வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். ஏறி மிதிக்கவில்லை. கடைத்தெரு முழுக்க உருட்டிக்கொண்டே போனார்.

பிறகு சித்தப்பா ஓட்டினார். நம்புங்கள், ஒரு மாதம் வண்டி ஒரு தடவைகூடக் கொதிக்கவில்லை. "பாத்தியா?" என்று அப்பா வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். அந்த மாதம் டிரைவர் வில்லியனூரில் இரண்டு கார்க்காரர்களிடம் வேலை கேட்டுப் போனதாகவும், இரண்டு பேரும் முடியாது என்று சொன்னதாகவும் கடைக்கு வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள்.

ஆனியில் என்னைப் புதுச்சேரி டவுனில் ஒரு பள்ளியில் சேர்த்தார்கள். சித்தப்பா சரக்கு எடுக்கப் போகும்போது என்னை இறக்கிவிடுவார். என் புத்தகப் பை கனம். மடியில் வைத்தால் தொடை வலித்தது. கை தானாக அந்த லீவரைத் தேடியது. மாட்டினேன்.

மூலகுளம் தாண்டியதும் முள் சிவப்புக்குப் போனது. சித்தப்பா வண்டியை ஓரங்கட்டி, ஒரு வீட்டில் குடம் கேட்டு வாங்கித் தண்ணீர் ஊற்றினார். சட்டையெல்லாம் நனைந்து போயிற்று.

"அண்ணங்கிட்ட சொல்லிடாதடி. காலையில ஊத்த மறந்துட்டேன் போல."

"ஊத்தினீங்களே, நான் பாத்தேனே."

"அப்போ முந்தாநாள் மறந்திருப்பேன். சும்மா இரு."

டிரைவர் மறந்தால் அது திருட்டு, சித்தப்பா மறந்தால் அது மறதி. அந்த வயதில் எனக்கு அது இப்படி வாக்கியமாக வரவில்லை. 

சாயங்காலம் முற்றத்தில் கால் கழுவும்போது அம்மா கேட்டாள்.

"இன்னாடி இது, ஒத்தக் காலுக்கு மட்டும் மஞ்ச பூசிக்கினு வந்திருக்க?"

குனிந்து பார்த்தேன். இடது கால் பாதம் மட்டும் மஞ்சள், விரல் இடுக்கெல்லாம். வலது கால் வெறும் புழுதி. நான் பூசவில்லை. டவுனில் யாரும் பூசிவிடவும் இல்லை. வண்டியில் என் இடது கால் இருக்கும் இடம் டேஷ்போர்டின் நடுப்பக்கம்.

அந்த முன் சீட்டில் அதற்கு முன் எத்தனை கல்யாணப் பெண்கள், எத்தனை சுமங்கலிகள் உட்கார்ந்து போயிருப்பார்கள். அவர்கள் காலில் மஞ்சள் இருந்தால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? விடுமுறையில் முழங்காலிட்டே வந்த என் கால்கூட அங்கே பட்டதில்லை. பூசாத ஒரு கால் அந்த இடத்தில் வந்து உட்கார வேண்டியிருந்தது.

கால் கழுவாமல் ஓடி, மிதியடியைத் தூக்கினேன். அடியில் இருந்த சாக்கு சொதசொதவென்று மஞ்சளாக நனைந்திருந்தது. மிச்சத் தண்ணீர் துரு ஓட்டை வழியாக ரோட்டுக்குப் போயிருக்கிறது. வண்டி ஓடும்போது ரோட்டைத் திரும்பிப் பார்ப்பவர் யார்?

மறுநாள் காலை சித்தப்பாவை எஞ்சினைப் போடச் சொன்னேன். சாக்கை எடுத்துவிட்டுத் தகரத்தைத் துடைத்தேன். லீவரில் பை இல்லாமல் நூறு வரை எண்ணினேன், சொட்டவில்லை. பையை மாட்டினேன். நாற்பத்திரண்டு எண்ணும்போது டேஷ்போர்டின் அடியிலிருந்து முதல் சொட்டு விழுந்தது. மஞ்சள். பையை எடுத்தேன், கொஞ்ச நேரத்தில் நின்றது. மறுபடி மாட்டினேன், மறுபடி விழுந்தது.

சித்தப்பா எஞ்சினை நிறுத்திவிட்டுக் குந்தி உட்கார்ந்தார்.

"இதுல யாருடி பை மாட்டுனது?"

"நேத்து நான்."

"அதுக்கு முன்னாடி?"

"டிரைவர். எப்பவும்."

"அந்த மொத நாளுக்கப்புறம் நான் பாத்ததே இல்லியே!"

"நீங்க வந்தா டிக்கியில வச்சிடுவாரு. நாறுதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

அவர் எழுந்து மெக்கானிக்கைக் கூட்டிவரப் போனார்.

மெக்கானிக் வந்து டேஷ்போர்டின் அடியைக் கழற்றினார். உள்ளே செங்கல் அளவில் ஒரு குட்டி ரேடியேட்டர். குளிர் நாட்டில் காருக்குள் சூடு வேண்டும் என்பதற்காக வைத்தது. லீவரை இழுத்தால் எஞ்சினின் வெந்நீர் அதற்குள் வரும். அது வெடித்து எத்தனை வருடமோ. "சித்திரையில வேத்து ஊத்துற ஊர்ல எவன்டா இத்தத் தேடுவான்?" என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார். அதற்குப் போகும் இரண்டு ஓஸ்களையும் பிரித்து ஒன்றோடு ஒன்று இணைத்துவிட்டார். பத்து நிமிட வேலை. மூன்று கைப்பிடி மஞ்சள் அடைக்காத ஓட்டையை அந்த ஒரு முழம் ரப்பர் அடைத்தது.

அப்பா நோட்டை எடுத்துவரச் சொன்னார். நின்றபடியே முழுக்கப் படித்தார்.

"இதுல பையப் பத்தி எழுதலியே?"

"இல்ல."

"ஏன்?"

"தோணல" என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னையும் ஏற்றிக்கொண்டு பூரணாங்குப்பம் போனார். சித்தப்பா ஓட்டினார். டிரைவர் ஊர்க் கோடியில் ஒரு டிராக்டரில் சவுக்குக் கட்டை ஏற்றிக்கொண்டிருந்தார். தோளில் பட்டை பட்டையாகச் சிராய்ப்பு. வீட்டுக்குக் கூட்டிப் போனார். அவருடைய மனைவி இளநீர் வெட்டிக் கொடுத்தாள். அப்பா குட்டி ரேடியேட்டரையும் லீவரையும் பையையும் பற்றிச் சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை. சொல்லி முடித்து, "நாளையிலேர்ந்து வேலைக்கு வந்துடு" என்றார்.

டிரைவர் கொஞ்ச நேரம் சவுக்குப் பிசினைக் கையிலிருந்து உரித்துக்கொண்டிருந்தார்.

"கடையில வச்சு சொன்னீங்க மொதலாளி. கடையில வச்சே ஒரு தபா சொல்லுங்க. வரேன்."

"அதான் நானே வூடு தேடி வந்திருக்கேனேப்பா."

"வந்தீங்க. யாரு பாத்தா?"

அப்பா இளநீரைக் கீழே வைத்தார். டிரைவர் தொடர்ந்தார். "பெருசா ஒன்னும் வேணாம். வண்டியிலதான் கோளாறு, ஆளு மேல இல்லன்னு ஒரு வார்த்த. அன்னிக்கி இருந்த மாதிரி நாலு பேர் இருக்கும்போது. அப்புறம் நீங்க வேல குடுக்காட்டியும் போவட்டும், வேற எவனாச்சும் குடுப்பான்."

"பாப்போம்" என்றார் அப்பா. பிறகு என் பக்கம் திரும்பி, டிரைவர் காதுபடக் கேட்டார். "ஏம்மா, இவரு பை மாட்டுறத தினம் பாத்தல்ல? ஒரு வார்த்த சொல்லியிருந்தா இவ்ளோ தூரம் வந்திருக்குமா?"

 டிரைவர் என்னைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் தெரியும். நான் ஏன் எழுதவில்லை என்பது அந்த நிமிடமே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"அதுக்கு இன்னா தெரியும் மொதலாளி, சின்னப் பொண்ணு. ரோட்ட பாத்து வரலாம் வரலாம்னு சொல்லிக்கினு வரும், அவ்ளோதான்" என்றார்.

திரும்பி வரும்போது நான் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். ஒரு தடவைகூட "வரலாம்" என்று சொல்ல வாய் வரவில்லை. சித்தப்பா தாமாகவே எட்டி எட்டிப் பார்த்து ஓட்டினார்.

அடுத்த இரண்டு வாரம் பள்ளி விட்டதும் நேராகக் கடைக்குப் போய் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்திருப்பேன். நாலு பேர் இருந்தார்கள், எட்டுப் பேர் இருந்தார்கள். ஒரு நாள் அந்தத் தாய்மாமனே வந்து, "இப்ப வண்டி எப்படி ஓடுது?" என்று கேட்டார். அப்பா வாயைத் திறந்தார். "ஓடுது" என்றார். பிறகு புளியை நிறுத்தார். ஆடியில் வீராம்பட்டினம் தேருக்கு ஊரே கிளம்பிய வெள்ளிக்கிழமை, எங்கள் வண்டியைச் சித்தப்பாதான் ஓட்டினார். அதற்குப் பிறகு நான் கடையில் போய் உட்காரவில்லை. டிரைவர் கரும்பு டிராக்டர் ஓட்டப் போனார் என்று கேள்விப்பட்டேன். கார் ஸ்டியரிங்கை அவர் மறுபடி பிடித்ததாகத் தெரியவில்லை.

நோட்டு இப்போது இல்லை. எழுதித் தீர்ந்த நோட்டுகளைக் கடையில் பொட்டலம் கட்டக் கிழித்துவிடுவார்கள். ஒரு நாள் கடுகுப் பொட்டலத்தில் என் கையெழுத்தைப் பார்த்தேன்: பாகூர், டிரைவர் மட்டும், ஏழு செம்பு. அப்பாவும் இப்போது கடைக்கு வருவதில்லை. எனவே அந்தக் கடையில் நாலு பேர் முன்னால் சொல்லியிருக்க வேண்டியதை, உங்கள் ஐந்து பேர் முன்னால் நான் எழுதுகிறேன். வண்டியில்தான் கோளாறு. ஆள் மேல் இல்லை.

விட்டுப்போன ஐந்தாவது பத்தியையும் எழுதிவிடுகிறேன். பை எங்கே தொங்கியது: லீவரில். தெரிந்தவர்: நான். எழுதாத காரணம்: நாலு நெத்திலி.